கோட்டம் பார்த்தல்: அண்ணாமலைச் சாலைகளில் சக்கரப் பரிசோதனையின் வரலாறு

சக்கரத்தின் குறை அதன் வேகத்தைப் பொறுத்தே வெளிப்படுகிறது என்பது வண்டித் தச்சர்களும் மிதிவண்டிக் கடைக்காரர்களும் பணிமனைத் தொழிலாளர்களும் தத்தம் காலத்தில் தத்தம் கைகளால் அறிந்திருந்த உண்மை. ஒரு தலைமுறைக்குப் பொருட்டாகவே இல்லாத குறை, சாலை மாறி வேகம் கூடியதும் அடுத்த தலைமுறைக்குப் பெருந்தொல்லையாகிவிடுகிறது. புதிதாக வாங்கிய கார் ஊருக்குள் வழுவழுப்பாக ஓடிவிட்டு, நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியவுடன் ஸ்டீயரிங்கில் நடுக்கம் காட்டுவதும், அதன் காரணத்தைத் தேடி உரிமையாளர் கடை கடையாக ஏறி இறங்குவதும் கடந்த இருபது முப்பது ஆண்டுகளுக்குள் தமிழ்நாட்டில் பரவலான அனுபவங்கள். ஆயினும் அந்தத் தேடலுக்குப் பின்னால் நீண்டதொரு கைத்தொழில் மரபு இருக்கிறது. தேர், கட்டை வண்டி, மிதிவண்டி, பேருந்து, கார் ஆகிய அனைத்தும் ஒரே வட்டாரத்துச் சாலைகளில் அடுத்தடுத்து உருண்ட திருவண்ணாமலையில் அம்மரபைத் தொடர்ச்சியாகப் பார்க்க முடிகிறது.

அண்ணாமலையின் மேற்குப் புறத்தில், பதினான்கு கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையின் மேல் அமைந்துள்ள சிற்றூர் அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேசுவரர் கோயிலும், மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடமென்று மரபு சொல்லும் இடத்திலுள்ள சிறு கோயிலும் இவ்வூருக்குப் பெயர் தந்திருக்கின்றன. கிரிவலப் பாதை காலால் நடப்பவர்களுக்கான பாதை. வாகனம் அதில் மெதுவாகத்தான் போக வேண்டும், பௌர்ணமி நாட்களில் போகவே கூடாது. இங்கிருந்து தெற்கே வந்தால் கிடைக்கும் செங்கம் சாலையோ கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூருவை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. இரு வேறு வேகங்களுக்கு உரிய இரு சாலைகள் இவ்வளவு அருகில் அமைந்திருப்பதால், பாதையில் தெரியாத குறை சாலையில் தெரிவதை இவ்வூர்க்காரர் வீட்டிலிருந்து புறப்பட்ட சில நிமிடங்களுக்குள் உணர்ந்துவிடுகிறார்.

இவ்வட்டாரத்துச் சக்கரங்களுள் மிகப் பெரியவை திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் தேர்களுடையவை. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளன்று விநாயகர், முருகர், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேசுவரர் ஆகிய ஐவரின் தேர்களும் மாடவீதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வலம் வருகின்றன. அம்மன் தேரைப் பெண்களும் சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்களும் இழுப்பது வழக்கம். தேருக்குத் திசைமாற்றும் கருவி எதுவும் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் மரத்தாலான முட்டுக்கட்டையைக் கொடுத்து, ஒரு பக்கத்தைத் தடுத்து மறுபக்கத்தை நகரவிட்டே தேரைத் திருப்ப வேண்டும் என்பதால், கட்டை போடுபவர் சக்கரத்தின் ஒவ்வொரு அசைவையும் ஒலியையும் கூர்ந்து கவனிப்பவராக இருந்தாக வேண்டும். அச்சில் ஏற்படும் முனகல், சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்வது, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தட்டுப்படும் மேடு ஆகியவற்றைக் கொண்டு அவர் குறையை அறிகிறார். புதுத் தேரையோ பழுதுபார்த்த தேரையோ திருவிழாவுக்கு முன்பே வீதியில் இழுத்துச் சோதிக்கும் வெள்ளோட்டம் என்ற வழக்கம், வாகனச் சோதனை ஓட்டத்துக்குத் தமிழர் வைத்திருந்த மிகத் தொன்மையான வடிவங்களுள் ஒன்று. திருவண்ணாமலைப் பெரிய தேரைச் சீரமைத்த பின் 2024 நவம்பரிலும் அவ்வாறே வெள்ளோட்டம் நடைபெற்றது. மரச் சக்கரங்களின் இடத்தில் இரும்புச் சக்கரங்களும் அச்சுகளும் நீரழுத்தத் தடைகளும் பல கோயில் தேர்களுக்கு வந்ததில் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தின் பங்கு பெரிது. அதற்குப் பின்னும் வெள்ளோட்டத்தின் தேவை குறையவில்லை.

தீபத் திருவிழாவையொட்டிக் கூடிய மாட்டுச்சந்தைக்கு வந்த கட்டை வண்டிகள் இவ்வட்டாரத்துச் சக்கரத் தொழிலின் அடித்தளமாக இருந்தன. வண்டிச் சக்கரத்தின் நடுவில் குடம், குடத்திலிருந்து புறப்படும் ஆரக்கால்கள், அவற்றின் முனைகளை இணைத்து வட்டமாக்கும் வளைந்த மரத்துண்டுகளாகிய வட்டைகள், அவற்றைச் சுற்றி இறுக்கும் இரும்புப் பட்டை ஆகிய நான்கும் இருவேறு தொழிலாளர்களின் கூட்டுப் படைப்பு: மரவேலை தச்சருடையது, பட்டை கொல்லருடையது. கருவேல மரம் உறுதிக்காக விரும்பப்பட்டது. பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே குறைவாக வளைத்து ஒட்டி, வரட்டி மூட்டிய தீயில் சிவக்கக் காய்ச்சி, அது விரிந்திருக்கும் வேளையில் சக்கரத்தின் மேல் ஏற்றித் தண்ணீர் ஊற்றினால், குளிர்ந்து சுருங்கும் இரும்பு ஆரக்கால்களையும் வட்டைகளையும் குடத்தை நோக்கி நெருக்கிப் பிணைத்துவிடும். பட்டை அளவுக்கு மீறிச் சிறிதாக இருந்தால் மரம் நெரிந்து சக்கரம் கோணும். பெரிதாக இருந்தால் கோடை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும்போது பட்டை கழன்றுவிடும். ஆகவேதான் கோடையில் வண்டிக்காரர்கள் சக்கரத்தைத் தண்ணீரில் ஊறவிட்டு மரத்தை உப்பச் செய்தார்கள்.

இச்சக்கரத்தில் குறை காணும் முறை காதையும் கையையுமே நம்பியிருந்தது. இருசு எனப்படும் அச்சுக்கும் குடத்துக்கும் இடையே தேய்மானத்தால் இடைவெளி கூடினால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும். விளக்கெண்ணெயோடு வைக்கோல் கரி சேர்த்துக் குழைத்த வண்டி மை தீர்ந்தால் கிரீச்சிடும். ஆரக்கால் தளர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை கட்டென்ற ஒலி வரும். எடைச் சமநிலை பற்றிய கவலை மட்டும் எவருக்கும் இருந்ததில்லை. அதற்குக் காரணம் அறியாமை என்று கொள்வது தவறு. அந்த வேகத்தில் அக்கவலைக்குத் தேவையே இல்லை. மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் சக்கர விளிம்பில் ஒரு பக்கம் முழுதாக ஒரு கிலோ கூடுதலாக இருந்தாலும், அது உண்டாக்கும் வெளிநோக்கு விசை ஏறத்தாழ 150 கிராம் எடையின் அளவைத் தாண்டாது. விசையானது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், வேகம் பத்து மடங்கானால் விசை நூறு மடங்காகும். பிற்காலத்துச் சக்கரத் தொழிலின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கணக்கிலிருந்து புறப்படுகிறது.

இரும்புப் பட்டைச் சக்கரத்துக்கும் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்துக்கும் இடையே பாலமாக நின்றது மிதிவண்டி. ஜான் பாய்டு டன்லப் 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதே மிதிவண்டிக்காகத்தான். 1949இல் முருகப்பா குழுமம் சென்னை அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தமிழ்நாட்டின் ஊர்களை மிதிவண்டியால் நிரப்பியதில் முன்னின்றது. மெல்லிய கம்பிகளின் இழுவிசையால் வடிவம் பெறும் மிதிவண்டிச் சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தாலே வளையக்கூடியது. அவ்வளைவை நீக்குவதைக் கடைக்காரர்கள் கோட்டம் எடுத்தல் என்றார்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றி, கவையில் விரலை ஊன்றி நகத்தை விளிம்புக்கு நெருக்கமாக வைத்து, எந்த இடத்தில் நகம் உரசுகிறதோ அங்குள்ள கம்பிகளை ஒரு பக்கம் தளர்த்தி மறுபக்கம் இறுக்குவார்கள். பக்கவாட்டுக் கோட்டம் ஒன்று, மேலும் கீழுமாக வரும் ஏற்ற இறக்கம் மற்றொன்று என இரண்டையும் அவர்கள் தனித்தனியே கண்டறிந்தார்கள். இன்று பெரிய டயர்க் கடைகளில் காரின் ரிம்மை அளவுமானியால் அளந்து பக்கவாட்டு ஓட்டம், ஆரவழி ஓட்டம் என்று பிரிக்கும் முறை இதே பாகுபாட்டை மில்லிமீட்டரில் சொல்வதேயாகும். சைக்கிள் கடைச் சிறுவனின் நகம் பொறியியல் நூல்களுக்குக் கடன்பட்டிருக்கவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மோட்டார் வாகனங்களோடு சிக்கல் பெருகியது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியபோது, சாலையைப் பகிர்ந்துகொண்ட காளைகளின் லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயர்களைக் கிழித்தன. காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி அவ்வாணிகளை அவருடைய நிறுவனம் அப்புறப்படுத்திய செய்தி தமிழகப் போக்குவரத்து வரலாற்றில் பலரும் எடுத்துரைப்பது. பழைய சக்கரமும் புதிய சக்கரமும் ஒரே சாலையில் நேருக்கு நேர் மோதிக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இரண்டாம் உலகப் போரில், 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரப்பர் கிடைப்பதே அரிதாக, தேய்ந்த டயரின் மேல் புதிய ரப்பர்ப் பட்டை ஏற்றும் ரீட்ரேடிங் தொழில் வளர்ந்தது. திருவொற்றியூரில் 1946இல் பொம்மை பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய கே.எம். மம்மன் மாப்பிள்ளையின் நிறுவனம் 1952இல் ரீட்ரேடிங்குக்கு உரிய ரப்பரைத் தயாரிக்க முனைந்து, 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் துணையோடு டயர் உற்பத்தியில் இறங்கி எம்.ஆர்.எஃப். ஆனது. 1960இல் பாடியில் தொடங்கிய வீல்ஸ் இந்தியா இரும்பு ரிம்களைச் செய்தது. சக்கரத்தின் உறுப்புகள் அனைத்தும் சென்னையின் வடபுறத்துத் தொழிற்சாலைகளிலேயே உருவாகத் தொடங்கிய காலம் அது.

அந்தத் தொழிற்சாலைகளின் மறுமுனையாக ஊர்தோறும் நெடுஞ்சாலை ஓரங்களில் வல்கனைசிங் கடைகள் முளைத்தன. லாரிக்காரர்கள் பின்புறத்து இரட்டை டயர்களைக் கம்பியால் தட்டி, ஒலியின் தன்மையிலிருந்தே உள்டயரில் காற்று இறங்கியிருப்பதை அறிந்தார்கள். நல்ல டயரைத் திசைதிருப்பும் முன்சக்கரத்துக்கும், ரீட்ரேட் செய்ததைப் பின்சக்கரத்துக்கும் போடும் வழக்கம், முன்சக்கரக் குறை ஓட்டுநரின் கைக்கும் உயிருக்கும் நேரே வந்து சேரும் என்ற அறிவிலிருந்து பிறந்தது. கிராமங்களில் கட்டை வண்டியின் இடத்தை டயர் வண்டி பிடிக்க, இழுக்கும் காளைகளின் பாடு குறைந்தது; மாட்டு வண்டிச் சீர்திருத்தத்துக்காக வாதாடிய என்.எஸ். ராமசாமி போன்றோர் இதனை விலங்கு நலனோடும் நாட்டுப் பொருளாதாரத்தோடும் சேர்த்துப் பேசினார்கள்.

இவ்வளவு மாற்றங்களுக்குப் பிறகும், அம்பாசடர் கார் ஆண்ட பல பத்தாண்டுகளில் நெடுஞ்சாலை அதிர்வு தனியானதொரு நோயாகக் கருதப்படவில்லை. அக்கார் இயல்பாகச் செல்லும் வேகம் 60, 70 கிலோமீட்டர். சாலையின் குண்டுகுழிகளும் இயந்திரத்தின் உதறலும் சக்கரத்தின் மெல்லிய நடுக்கத்தை மூடி மறைத்தன. அக்காலத்து டயர்களில் நூலடுக்குகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் சென்றன. நைலான் நூல் கொண்ட டயர் இரவெல்லாம் நின்ற இடத்தில் தட்டையாகி, காலையில் முதல் சில கிலோமீட்டர் தடதடத்துவிட்டுச் சூடேறியதும் சரியாகிவிடும் என்பதை ஓட்டுநர்கள் வானிலையைப் போல ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நேராகச் செல்ல, அவற்றின் மேல் எஃகுப் பட்டை சுற்றிய ரேடியல் டயரை இந்தியாவில் ஜே.கே. நிறுவனம் 1977இல் அறிமுகப்படுத்தியது. 1983இல் மாருதியும் 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயும் மறைமலைநகர் ஃபோர்டும் எடை குறைந்த, ஓசை குறைந்த கார்களைக் கொண்டுவந்தன. அதே பத்தாண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்ட தங்க நாற்கரத் திட்டம் சென்னையையும் பெங்களூருவையும் நான்குவழிச் சாலையால் இணைத்தது. 2018 ஏப்ரலில் நடுவண் அரசு நான்குவழிச் சாலைகளில் கார்களின் உச்ச வேக வரம்பை 100 கிலோமீட்டராக உயர்த்தியது. மறைத்த திரைகள் ஒவ்வொன்றாக விலகியதும், எப்போதும் இருந்துவந்த குறை முதன்முறையாகத் தன்னைக் காட்டியது.

அது எவ்வளவு சிறிய குறை என்பதே வியப்புக்குரியது. சாதாரணக் காரின் ரிம் விளிம்பில் 30 கிராம் கூடுதல் எடை ஒரு பக்கம் இருந்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ ஐந்து கிலோ எடைக்குச் சமமான விசையாக மாறி, நொடிக்குச் சுமார் 15 முறை அச்சை உலுக்கும். சக்கரமும் அதைத் தாங்கும் அமைப்பும் இயல்பாகவே அதிரும் வீதமும் இதற்கு நெருக்கமானது என்பதால், 80 முதல் 110 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் நடுக்கம் உச்சம் பெற்று, அதைத் தாண்டினால் சில கார்களில் தணிந்தும்விடுகிறது. இதனைச் சரிசெய்யும் வீல் பேலன்சிங், சக்கரத்தை இயந்திரத்தில் சுழற்றி எடை குறைந்த இடத்தில் ஈயத்தாலோ துத்தநாகத்தாலோ ஆன சிறு கட்டிகளைப் பொருத்துவதாகும். சுழல் பொருட்களைச் சமன்செய்யும் கருவிக்கு 1870இலேயே கனடாவில் மார்ட்டின்சன் காப்புரிமை பெற்றிருந்தபோதிலும், 1907ஐ ஒட்டி ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்து ஷெங்க் நிறுவனம் லாவாசெக்கின் வடிவமைப்பை வாங்கிய பிறகே அது தொழிலாக வளர்ந்தது. விசையாழிகளுக்காகப் பிறந்த அக்கருவியின் வழித்தோன்றல் இன்று திருவண்ணாமலையின் டயர்க் கடைகளிலும் சுழல்கிறது. சக்கர நேர்ப்பாட்டுக் கருவிகளை உருவாக்கும் மானாடெக் நிறுவனமோ அருகிலுள்ள புதுச்சேரியிலேயே இருக்கிறது.

பேலன்சிங்கும் அலைன்மெண்டும் ஒரே பலகையில் எழுதப்படுவதால் பலர் இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறார்கள். அலைன்மெண்ட் என்பது சக்கரங்கள் சாலையோடும் ஒன்றோடொன்றும் கொள்ளும் கோணங்களைச் சரிசெய்வது. அக்கோணம் பிசகினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். நடுக்கம் நேரடியாக வராது. புதிய கார் நடுங்குகிறது என்று வந்தவருக்கு அலைன்மெண்ட் மட்டும் செய்து அனுப்புவது பணத்தையும் நம்பிக்கையையும் ஒருசேர வீணாக்கும் செயல்.

முறையான பரிசோதனை உணர்விலிருந்து தொடங்குகிறது. நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சக்கரங்களையும், இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரங்களையும் முதலில் ஐயுற வேண்டும். ஓடும் வேகத்தில் கியரை நியூட்ரலுக்கு மாற்றி இயந்திரச் சுழற்சி குறைந்த பின்னும் நடுக்கம் நீடித்தால், காரணம் இயந்திரம் என்ற ஐயம் நீங்கும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் பிரேக் தட்டைப் பார்க்க வேண்டும். 20, 30 கிலோமீட்டர் வேகத்திலேயே கார் தள்ளாடினால், அது சில கிராம் எடைக்குறையால் வருவதன்று. வளைந்த ரிம், உள்ளடுக்கு பிரிந்து உப்பிய டயர் போன்ற வடிவக் குறையால் வருவது. கட்டை வண்டிக்காரர் அறிந்திருந்த அதே வகைக் குறையான இது, ஓடும்போதே டயர் வெடிக்கும் ஆபத்தை உள்ளடக்கியது என்பதால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதது.

புதிய காருக்கு இத்தகைய குறை எப்படி வரும் என்று கேட்பவர்களுக்குத் தொழிற்சாலைக்கும் விற்பனையகத்துக்கும் இடையிலான பயணமே விடை. சுமையூர்தியில் கட்டிக் கொண்டுவரும் கார்களுக்கு டயர் காற்றழுத்தத்தைக் கூட்டி வைப்பதுண்டு. ஒப்படைக்கும்போது அதைக் குறைக்காமல் விட்டால் சாலையின் ஒவ்வொரு சிலிர்ப்பும் உள்ளே கேட்கும். மாதக்கணக்கில் வெட்டவெளிக் கிடங்கில் அசையாமல் நின்ற காரின் டயர் ஒரு பக்கம் தட்டையாகி, நெடுந்தொலைவு ஓட்டியும் மீளாமல் போகலாம். டயரின் பக்கச்சுவரில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பதால், 3523 என்றிருந்தால் அது 2023இன் 35ஆம் வாரத்தில் உருவானது என்று எவரும் படித்தறியலாம். ஒட்டிய எடைக்கட்டி உதிர்ந்திருக்கலாம். ரிம்மின் உட்புறத்தில் சேறு அப்பியிருக்கலாம். சக்கரம் குடத்தின் மேல் மையமாக உட்காராமல் நட்டுகள் ஏறுமாறாக முறுக்கப்பட்டிருக்கலாம். எடை முழுவதும் சமமாக இருந்தும் டயரின் சுற்றில் ஓரிடம் மற்ற இடத்தைவிட விறைப்பாக அமைந்துவிட்டால், சாதாரண பேலன்சிங் இயந்திரம் குறையே இல்லை என்று காட்டும்; உருளை ஒன்றை டயரின் மேல் அழுத்திச் சுழற்றும் கருவியே அதைக் காட்டிக்கொடுக்கும். அக்கருவி இல்லாத ஊரில் முன்சக்கரத்தைப் பின்னுக்கும் பின்சக்கரத்தை முன்னுக்கும் மாற்றிப் போட்டு, நடுக்கம் இடம் மாறுகிறதா என்று பார்ப்பதே செலவில்லாத, நம்பத்தக்க வழி. குறை டயரில்தான் என்று இவ்வாறு உறுதியாகிவிட்டால், டயருக்கு அதைச் செய்த நிறுவனமே தனியாக உத்தரவாதம் தருவதால், உரிமையாளர் கார் நிறுவனத்தோடு மட்டும் வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சக்கரத்தையோ டயரையோ மாற்றிய பின் மீண்டும் ஓட்டிப் பார்க்காமல் வேலை முடிந்ததாகக் கொள்ள முடியாது. கிரிவலப் பாதையின் வேகத்தில் எதுவும் புலப்படாது என்பதால், அடி அண்ணாமலைக்காரர் அதற்குச் செங்கம் சாலைக்கே போக வேண்டும். எந்த வேகத்தில் நடுக்கம் தொடங்கியது, எதில் உச்சம் பெற்றது, எதில் தணிந்தது என்பதை அருகில் அமர்ந்தவர் குறித்துக்கொண்டு வந்தால், கடைக்காரர் அடுத்துக் கழற்ற வேண்டிய சக்கரம் எது என்பதை அக்குறிப்பிலிருந்தே முடிவு செய்துவிடுவார்.